காடித் தொப்பியின் கண்ணாடி

“அப்ப இது என்னா மாமா?”

“எது?”

“இதுதான். சாமி மேடைக்குக் கீழ, பழைய காலண்டர் கட்டுக்குப் பின்னால இருந்துச்சி.”

“அது ஏதோ பெட்டி லா. பழசு.”

“பழைய பெட்டியில இங்கிலாந்து ஸ்டாம்பு இருக்கு. நாலு மாசத்துக்கு முந்தின தேதி இருக்கு. ஒட்டின டேப்பு ஒட்டினபடியே இருக்கு. காடிக் கண்ணாடி ரப்பர் இன்னும் வரல, கப்பல்ல மாட்டிக்கிச்சின்னு நீங்க போன வாரம்கூட போன்ல சொன்னீங்க. நான் சமையக்கட்டுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

மாயாண்டி கோப்பிக் குவளையை மேசையில் வைத்தார். மருமகளின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தார். தேவமலர் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, சூடான சட்டியை எங்கே இறக்குவது என்று தெரியாதவளைப் போல நின்றாள்.

“தினேசுகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லல. ஆனா இன்னிக்கி மாட்டிடணும். நாலு மணிக்கு லோரி வருது.”

“என்னா லோரி?”

“காடிய ஏத்திக்கிட்டுப் போற லோரி. நேத்து சாயங்காலம் போன் பண்ணாரு.”

“உனக்கா?”

“எனக்குத்தான்.”

மாயாண்டி நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். அவருடைய மகன் தினேஸ்வரன் தன் மனைவி தேவமலரோடு பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேசுவதெல்லாம் அப்பாவோடுதான். அதுவும் ரப்பர் வந்ததா, காருக்கு வாரம் ஒருமுறை எஞ்சின் போட்டு வைக்கிறீர்களா என்ற அளவில்தான்.

“அவனும் வர்றானா?”

“இல்ல மாமா. லோரி மட்டும்தான்.”

அவர் குவளையை மறுபடி எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. காலிக் குவளையை ஒருமுறை வாயில் வைத்துவிட்டுக் கீழே இறக்கினார்.

“கண்ணாடி இருந்தாலும் இல்லாட்டியும் ஏத்திக்கிட்டுப் போவாங்களாம்” என்றாள் தேவமலர். “மழ வேற தெனம் நாலு மணிக்கி டைம்டேபிள் போட்ட மாதிரி வருது. ஓட்டையோட போனா சீட்டெல்லாம் நனைஞ்சி நாறிடும். நம்ம வீட்டுலேர்ந்து போற பொருளு அப்படிப் போவ வேணாம். வாங்க.”

நேற்று அவன் சொன்ன இன்னொரு செய்தி அவளிடம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. எங்கே, எப்போது சொல்வது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாச்சாங்கில் அந்தத் தாமான் குடியிருப்பின் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் ஒரு போர்ச், ஓர் இரும்புக் கதவு, கதவோரம் இரண்டு பூந்தொட்டி. இந்த வீட்டின் போர்ச்சில் மட்டும் ஒரு பச்சை நிறப் பழைய ஆங்கிலேயக் கார் நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் கடைசி வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனது. தோட்டம் கைமாறியபோது கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அதை மாயாண்டி பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தார். தினேஸ்வரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதன் பிறகு அவன் விளையாட்டு, படிப்பு, சம்பளம் எல்லாம் அந்தக் காருக்குள்ளேயே போயின. காரின் கூரை தனியாகக் கழன்று வரும். எட்டு மரையைத் திருகினால் இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடலாம். வீட்டில் எல்லாரும் காரைக் காடி என்றும் அதைத் தொப்பி என்றும் சொன்னார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் கல்யாணத்தன்று தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் தினேஸ்வரன் தேவமலரைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஓட்டிப் போனான். பாச்சாங் சிக்னலில் மழை பிடித்துக்கொண்டது. பச்சை விழுவதற்குள் கூரைப்புடவையும் மாலையும் ஊறிவிட்டன. பக்கத்துப் பேருந்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் சிரித்தான். அவளும் மண்டபம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அன்று அவளுக்குத் தோன்றியது, இந்த மனிதனோடு எதில் நனைந்தாலும் பரவாயில்லை என்று.

பிறகு தொப்பி எப்போதும் காரின் மேலேயே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதன் பின்கண்ணாடி ஓரமாக ஒழுக ஆரம்பித்தது. ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தினேஸ்வரன் ரப்பரை அறுத்துக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி வைத்தான். அவன் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் பராமரிப்பு வேலைகளுக்கு ஒப்பந்தத்தில் போய்வந்த வெல்டர். மறு வாரம் ஜொகூரில் மூன்று மாத வேலை என்று கிளம்பினான். மூன்று மாதம் முடிந்தது. அவன் வரவில்லை. அங்கே வேறொரு பெண்ணோடு இருக்கிறான் என்பதைத் தேவமலர் நான்காவது மாதம் தெரிந்துகொண்டாள்.

*

தொப்பியை இறக்கி, பழைய மெத்தைத் துணி போர்த்திய இரண்டு மர முக்காலிகளின் மேல் வைத்தார்கள். பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட ஓட்டை. அதன் வழியாக எதிர்வீட்டுச் சுவரும் கொடியில் காயும் பள்ளிச் சீருடையும் தெரிந்தன.

மாயாண்டிக்கு அறுபத்தெட்டு வயது. பாச்சாங்கிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருடம் பேருந்து, லோரி, வாடகைக் கார் என்று கண்ணாடி மாட்டியவர். கட்டைவிரல்கள் இரண்டும் தட்டையாகி, கரண்டிபோல் வெளியே வளைந்திருந்தன. ஓய்வு பெற்ற பிறகும் போர்ச்சுக்குத் தேடி வரும் வண்டிகளுக்கு மாட்டிக் கொடுத்தார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மகன் இருந்தவரை மகன். அவன் போன பிறகு தேவமலர். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காலை வேலை முடித்து வந்து, மத்தியானத்தில் மாமனாரோடு நிற்பாள். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை. “தினேச விட ஒனக்குக் கை நல்லா இருக்கு” என்று ஒருமுறை சொல்லிவிட்டு மாயாண்டி அன்று முழுதும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரிந்தார்.

அவள் அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து புதிய ரப்பரை முக்கினாள். வெந்நீரில் அது மெதுவாக உடல் தளர்ந்தது. மாயாண்டி தொப்பியின் இரும்பு விளிம்பில் ஒட்டிக்கிடந்த பழைய ரப்பர்த் துணுக்குகளைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். ரப்பரில் சுற்றிலும் இரண்டு பள்ளங்கள். உள்பள்ளத்தில் கண்ணாடி உட்காரும். வெளிப்பள்ளம் இரும்பு விளிம்பைக் கவ்வ வேண்டும். அப்படிக் கவ்வ வைக்க, வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிறு பதிப்பார்கள். கயிற்றின் இரு முனைகளும் கீழ்நடுவில் குறுக்காகி உள்பக்கம் தொங்கும். கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளேயிருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு இரும்பின் மேல் ஏறி மடிந்து உட்காரும்.

மாயாண்டி குனிந்து தொப்பிக்கு அடியில் போய்ச் சின்ன முக்காலியில் உட்கார்ந்தார். தலையும் தோளும் தொப்பிக்குள். தேவமலர் கண்ணாடியை ஓட்டைக்கு நேராகத் தூக்கி வைத்தாள். உள்ளே இருப்பவருக்கு வெளியே பேசுவது சரியாகக் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவள் கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினால் இழு. ஒரு தட்டு என்றால் நிறுத்து.

இரண்டு தட்டினாள். அவர் இழுத்தார். ரப்பர் முரண்டு பிடித்து வெளியே பிதுங்கியது.

அவள் எட்டிப் பார்த்தாள். “மாமா, கயித்து முனைய மேல வெச்சிருக்கீங்க.”

“அப்படியா?”

“கீழ இல்ல வரணும்.”

“மறந்துட்டேன்ம்மா.”

“நீங்களா?”

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கிக் கயிற்றை உருவி எடுத்தாள்.

“அக்கம்பக்கத்துல ஒரு சத்தமும் இல்லாம என்னா ஆப்பரேஷன் நடக்குது?” என்று குரல் கேட்டது. பக்கத்து வீட்டு விஜயராணி வேலியோரமாக வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு நிறைய பீசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜி. வாழைப்பழ மாவின் எண்ணெய் வாசனை போர்ச்சுக்குள் பரவியது.

“கண்ணாடி மாட்டறோம்க்கா.”

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? ரெண்டு வருஷமா அந்தக் காடி வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுப் பூனை அதுக்குள்ள ரெண்டு பிரசவம் பாத்துட்டுப் போச்சி.”

மாயாண்டி தொப்பிக்குள்ளிருந்தே சிரித்தார். “ஒங்க பூனைக்கி வாடகை கேக்கணும் விஜயா.”

“கேளுங்க கேளுங்க. குடும்பத்தோட வந்து குடுக்கும்.” தட்டை நீட்டியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மலரு, நான் சொல்றேன்னு கோவிச்சிக்காத. வீடு விக்கப் போறாங்கன்னு ஏஜென்ட்டு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கான். நீ எங்கம்மா போவ?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா.”

“பாரு, பாரு. ஊரு வாயி சும்மா இருக்காது லா. புருஷன் இல்லாத வீட்டுல மாமனாருக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு எத்தன நாளைக்கி? ஒங்கண்ணன் கிள்ளான்ல இருக்காரே, அங்க போனா என்னா?”

“அண்ணன் வீட்டுல ஒரு ரூம்புல நாலு பேரு படுக்கறாங்கக்கா. அஞ்சாவதா நான் போய் எங்க படுக்கறது, பூனை மாதிரி காடிக்குள்ளயா?”

விஜயராணி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு வருந்துபவளைப் போல அவள் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். தொப்பிக்குள் மாயாண்டி அசையாமல் இருந்தார். இத்தனையும் அவருக்குக் கேட்டிருந்தது. கண்ணாடி இன்னும் மாட்டப்படவில்லை.

*

மத்தியானச் சோற்றுக்கு நேற்று வைத்த அசாம் பெடாஸ் மீன் குழம்பு இருந்தது. ஒரு நாள் ஊறினால்தான் அந்தப் புளிப்புக்கு நிதானம் வரும். தேவமலர் மீனின் நடுத்துண்டை அவருக்கு வைத்தாள். கங்கோங் கீரையைப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கியிருந்தாள். வெளியே வெயில் வெண்மையாகக் காய்ந்தது. தெருவில் யாரும் இல்லை.

“நீ எந்தப் பக்கம் பாத்திருக்க?” என்றார் மாயாண்டி.

“தெங்கேராவுல. ஒரு சீனன் கட, கீழ ஊதுவத்தி விக்கறான். மேல மாடி வீடு. ரெண்டு ரூம்பு. பஸ்ஸு வாசல்லயே நிக்கிது, ஸ்கூலுக்கு ஒரே பஸ்ஸு. மாசக் கடைசியில சாவி குடுக்கறேன்னு சொன்னான்.”

“ரெண்டு ரூம்பு எதுக்கு உனக்கு?”

அவள் கீரையைத் தட்டில் ஒதுக்கினாள். “அதுதான் கெடச்சிச்சி. உங்கள ஜொகூருக்கு வரச் சொல்றாரு போல?”

“சொல்றான். ரூம்பு இருக்காம், ஏர்கோன் இருக்காம். நான் வரமாட்டேன்னுட்டேன். அந்தப் பொம்பள கையால நான் சோறு திங்க மாட்டேன். வீட்ட விக்கறானா, வித்துக்கட்டும். அவென் பேருல இருக்கற வீடு. நான் கோயில் மண்டபத்துல படுத்துக்குவேன்.”

“கோயில்ல ராத்திரி ஒம்போது மணிக்குக் கேட்டு போட்டுடுவாங்க மாமா.”

“அப்ப உள்ளயே இருந்துடுவேன். சாமி வெளிய போவச் சொல்லுமா?”

அவள் சிரிக்க முயன்றாள். இப்போது சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவர் மீன் முள்ளைக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பசி நேரத்தில் ஒருவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அவளுடைய அம்மா சொல்வாள். அவள் ரசத்தை ஊற்றினாள்.

ராஜம்மா, மாயாண்டியின் மனைவி, இறந்து பதினோரு வருடம். தேவமலர் அந்த மாமியாரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இந்த வீட்டில் தேவமலருக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. இரண்டு முறையும் மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவர் மாயாண்டி. இரண்டாவது முறை தினேஸ்வரன் வேலையில் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் மாயாண்டியே கருவாட்டுக் குழம்பு வைத்தார். உப்பு அதிகம். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். உப்புக்காக அழுகிறாள் என்று நினைத்து அவர் இன்னொரு கரண்டி தண்ணீர் விட்டார்.

*

மறுபடி ஆரம்பித்தபோது மணி இரண்டு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, தேவமலர் தூரிகையால் ரப்பர் முழுக்கத் தடவினாள். இம்முறை கயிற்றை அவளே பதித்தாள். முனைகள் கீழே, நடுவில், ஒரு சாண் குறுக்காக. கண்ணாடியைத் தூக்கி வைத்தாள். மாயாண்டி உள்ளே போனார்.

கீழ் ஓரம் நன்றாக ஏறியது. இரண்டு தட்டு, ஓர் இழுப்பு, அவள் உள்ளங்கையால் ஓர் அறை. இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. இடது கீழ்மூலை திரும்பியது. வலது கீழ்மூலை திரும்பி அந்தப் பக்கமும் மேலேறியது. சோப்பு நுரை அவள் முழங்கை வழியாக ஒழுகியது. இடது பக்கம் மேலேறி மூலைக்கு வந்ததும் நின்றது.

இரண்டு தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்துக் கண்ணாடியை அழுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகம் நுரையில் கலங்கித் தெரிந்தது. கயிறு அவர் கையில் தளர்வாகத் தொங்கியது.

“மாமா” என்று சத்தமாகச் சொன்னாள். “நீங்க இழுக்கல.”

“இழுக்கறேன் லா.”

“இல்ல. சும்மா புடிச்சிக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியும். நீங்க இழுத்தா எங்கையில தெரியும்.”

“காடி இங்க இருந்தா அவென் வருவான்னு நெனச்சேன்” என்றார் மாயாண்டி. தொப்பிக்குள் அவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “அதுமேல உசுரு அவனுக்கு. வந்து ஒரு நாளாவது இங்க நிப்பான். ஒன் மொகத்தப் பாப்பான். பாத்தா மாறிடுவான்னு நெனச்சேன். அதான் ரப்பர் வந்தத சொல்லல. யாருக்கும் தெரியாத எடமாப் பாத்து வெச்சேன்.”

“யாருக்கும் தெரியாத எடமா?”

“ஆமா.”

“மாமா, வாரா வாரம் வியாழக்கெழம சாமி மேடைய யாரு தொடைக்கறது?”

கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை குனிந்தது.

“நான்தான் தொடைக்கறேன். அடியில இருக்கற காலண்டர எல்லாம் எடுத்து, கூட்டி, ஈரத்துணி போட்டுத் தொடைக்கறேன். நீங்க வெச்ச மொத வாரமே பாத்துட்டேன். பதினாறு பதினேழு வாரமா அந்தப் பெட்டிய நகத்தி வெச்சித் தொடச்சிட்டு, திரும்ப அதே எடத்துல, அதே மாதிரி வெச்சேன்.”

கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் நிமிர்ந்தது.

“ஏம்மா சொல்லல?”

“நீங்க ஏன் ஒளிச்சீங்களோ அதுக்குத்தான்.”

தெருமுனையில் ஐஸ்கிரீம் விற்பவனின் மணி கேட்டுத் தேய்ந்தது. தென்மேற்கில் மேகம் சேர்ந்திருந்தது. காற்று நின்று போய், போர்ச்சுக்குள் வெக்கை கனத்தது. தேவமலர் ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டே மறு கையின் நுரையைப் பாவாடையில் துடைத்தாள். எங்கே சொல்வது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது இந்த இடம்தானோ என்று அவளுக்குப் பட்டது. நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. இரண்டு பேருக்கும் கையில் வேலை இருந்தது. யாரும் எழுந்து ஓட முடியாது.

“அவரு வரமாட்டாரு மாமா. இனி வரமாட்டாரு. அங்க ஒரு புள்ள பொறந்திருக்கு.”

கயிற்றின் முனைகளை மாயாண்டி இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஆம்பளப் புள்ள. மூணு மாசம் ஆவுது. உங்ககிட்ட சொல்ல பயமா இருக்குன்னு என்கிட்ட சொன்னாரு. நீ சொல்லுன்னாரு.” அவள் கண்ணாடியை இன்னும் அழுத்திப் பிடித்தாள். “என்கிட்டயே சொல்லச் சொல்றாரு பாருங்க. கோர்ட்டு தாள தபால்ல அனுப்பறேன்னாரு. கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டேன்.”

“மலரு...”

“போட்டோ அனுப்பியிருக்காரு.”

அவள் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். ஈர விரலுக்குத் திரை பணியவில்லை. இரண்டு முறை துடைத்துத் திறந்தாள். படத்தைக் கண்ணாடியின் மேல், அவர் முகத்துக்கு நேராக வைத்துப் பிடித்தாள்.

மாயாண்டியின் இரு கைகளிலும் கயிற்றின் முனைகள் இருந்தன. விட்டால் அதுவரை ஏறிய ரப்பர் நழுவும். அவர் கழுத்தை மட்டும் முன்னால் நீட்டினார். மூக்கு கண்ணாடியில் பட்டு அந்த இடம் வெளுத்தது. மஞ்சள் துண்டில் சுற்றப்பட்ட ஒரு குழந்தை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உலகத்தின் மேல் ஏதோ மனத்தாங்கல் உள்ளதைப் போலப் படுத்திருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது.

“என்னா சொல்றீங்க?”

“காது” என்றார். “ராஜம்மா காது.”

“ஆமா” என்றாள் தேவமலர். “நானும் பாத்தேன். படத்துல இருக்கற மாதிரியே இருக்கு.”

அவள் கையெடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். தான் பெறாத ஒரு குழந்தையை, அதன் தாத்தாவுக்கு, ஒரு மூலை இன்னும் உட்காராத கண்ணாடி வழியாக. கை வலித்தது. திரை தானாக இருண்டது. அவள் மறுபடி தொட்டு ஒளி வரச் செய்தாள். மூன்றாவது முறை இருண்டபோது எடுத்துவிட்டாள்.

“இழுங்க மாமா. லோரி வந்துடும்.”

இரண்டு தட்டினாள். இம்முறை அவர் இழுத்தார். முப்பத்தோரு வருட இழுப்பு அது. ரப்பரின் உதடு கீச்சென்று இரும்பின் மேல் ஏறியது. அவள் அறைந்தாள். இடது மேல்மூலை உட்கார்ந்தது. மேல் ஓரம் நெடுக ஒரே சீராக ஓடி, வலது மூலையில் கயிறு முழுதும் வெளியே வந்து, அவர் கையில் வெறுமனே தொங்கியது. கண்ணாடி இடத்தில் நின்றது.

அவர் உடனே வெளியே வரவில்லை. தேவமலர் ரப்பரை இறுக்கும் வெள்ளி நிறத் தகட்டுப் பட்டையை எடுத்து, ரப்பரின் வெளிக்கோட்டில் வைத்துக் கொக்கியால் அழுத்திக்கொண்டே போனாள். பாதி சுற்று வந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது.

“மொட்ட எப்ப போடறாங்களாம்?”

அவள் கொக்கியை நிறுத்தினாள். “அடுத்த மாசம்.”

“எந்தக் கோயில்ல?”

“கேக்கல மாமா. நீங்க வரணும்னு சொன்னாரு.”

“ம்.”

அந்த ஒரு சத்தம் அவளுக்குப் போதுமாக இருந்தது. மிச்சப் பட்டையை அழுத்தி முடித்தாள். தொப்பியைத் தூக்கிக் காரின் மேல் வைத்து எட்டு மரைகளையும் திருகினார்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் திருக, இடையில் எதுவும் பேசவில்லை.

*

மழை லோரியை முந்திக்கொண்டது. நான்கடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. தேவமலர் சொல்ல, இருவரும் காரைப் போர்ச்சிலிருந்து பாதி வெளியே தள்ளினார்கள். பின்பக்கத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஊற்றியது. மாயாண்டி உள்ளே உட்கார்ந்து ரப்பரின் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்.

“சொட்டு இல்ல” என்றார்.

லோரிக்காரர் ஒரு மலாய்க்காரர். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு இறங்கி வந்து, காரைச் சுற்றி நடந்து கைப்பேசியில் படம் எடுத்தார். பின்கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை, கடையில் கொடுத்தீர்களா என்று மலாயில் கேட்டார். மாயாண்டி மருமகளைக் கை காட்டினார். அந்த மனிதர் நம்பாமல் சிரித்தார்.

காரைச் சங்கிலியில் பிணைத்து மேலேற்ற இருபது நிமிடம் ஆனது. தேவமலர் கதவோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கார் ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்க, பின்கண்ணாடி அவளைப் பார்க்க வந்தது. அதில் போர்ச் தெரிந்தது. குடை தெரிந்தது.

மாயாண்டி லோரிக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலையில் துண்டைப் போட்டிருந்தார்.

“ஜொகூருக்கு எவ்வளவு நேரமாவும்?” என்று மலாயில் கேட்டார்.

“மூணு மணி நேரம் அங்கிள். மழையில நாலு.” அந்த மனிதர் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு விளையாட்டாகச் சொன்னார். “ஏன், வர்றீங்களா? முன்னால சீட்டு காலியாத்தான் இருக்கு.”

மாயாண்டி சிரித்தார். ஆனால் லோரியின் முன்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. இருக்கையில் ஒரு தலையணை கிடந்தது. தேவமலர் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

லோரி சந்து திரும்பிப் போன பிறகும் அவர் மழையில் நின்றார். அவள் போய்க் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்து அழைத்து வந்தாள். காலியான போர்ச் திடீரென்று பெரிதாகிவிட்டிருந்தது. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. விஜயராணியின் பூனை வந்து நடுவில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, அவர்கள் இருவரிடமும் ஏதோ கேட்பதுபோல் கத்திவிட்டுப் போனது.

தேவமலர் உலர்ந்த துண்டு கொண்டுவந்தாள். பால் விடாமல் தே ஓ போட்டாள். அவர் மர முக்காலியில் உட்கார்ந்து குடித்தார். அவள் எதிரே, படியில் உட்கார்ந்தாள்.

“மூணு மணி நேரம்தானாம்” என்றார் மாயாண்டி, யாரிடம் என்றில்லாமல்.

“ஆமா.”

“புள்ளைக்கி மூணு மாசம்னா கழுத்து நின்னிருக்கும் இல்ல?”

“நின்னிருக்கும் மாமா.”

அவர் தலையை ஆட்டினார். கண்கள் ஈரமாக இருந்தன. அவற்றைத் துடைக்கவில்லை. தேவமலர் தன் கைகளைப் பார்த்தாள். சோப்பில் ஊறி விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. ரப்பரின் கறுப்பு நகக்கண்ணில் ஏறியிருந்தது. இந்த வீட்டில் தனக்கு இனி என்ன முறை என்று அவள் யோசித்தாள். கையெழுத்துப் போட்ட பிறகு இவரை மாமா என்று கூப்பிட ஒரு காரணமும் இருக்காது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விஜயராணி அக்காவே முதலில் பேசுவாள். பேசிவிட்டு அவளே பலகாரத் தட்டோடும் வருவாள். பள்ளியில் கேட்பார்கள். தெங்கேரா கடைக்காரச் சீனன்கூடக் கேட்பான், யார் இந்தக் கிழவர் என்று. அதற்கெல்லாம் என்ன பதில் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல மனுஷியாக இருந்தால் இவரைப் பேரனிடம் போகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. மத்தியானத்திலிருந்து அதைத்தான் சொல்லப் பார்க்கிறாள். வாய் வரவில்லை.

மழை கொஞ்சம் தணிந்தது. எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து நனைந்த சீருடையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு போனாள்.

“காடி போய்ச் சேந்ததும் உங்க மவன் போன் பண்ணுவாரு” என்றாள் தேவமலர். “ரப்பர் எப்ப வந்துச்சின்னு கேப்பாரு. அப்புறம், எப்பப்பா வர்றீங்கன்னு கேப்பாரு. புள்ள அழுவற சத்தத்தப் போன்ல கேக்க வெப்பாரு.”

மாயாண்டி குவளையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“அவரு கேக்கறதுக்கு முன்னால நான் கேட்டுடறேன் மாமா. தெங்கேராவுல ரெண்டு ரூம்பு, ஒண்ணுக்குத் தெருவப் பாத்த ஜன்னல் இருக்கு. மொட்டைக்கி நானே பஸ் ஏத்தி விடறேன், எத்தன நாளு வேணும்னாலும் இருந்து புள்ளயக் கொஞ்சிட்டு வாங்க.” அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “ஆனா என்கூட வந்து இருங்களேன் மாமா.”